குளிர்நாட்டில் குடிபுகுவோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கனடா நாட்டில் நம்மவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார். டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவில் மகன் வீட்டில் நான்கு குளிர்காலங்களையும், வின்னிபெக் நகரில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தையும் நாங்கள் இருவரும் கழித்திருக்கிறோம். அதற்கு மேல் இந்தத் தலைப்பில் பேச எங்களுக்குத் தகுதி ஒன்றும் இல்லை. ஆயினும் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ கடல்கடந்து அனுப்பாத குடும்பம் இவ்வரங்கில் அரிது. அனுப்பியவர்களுக்கும் அனுப்ப இருப்பவர்களுக்கும் சில செய்திகளைச் சொல்லலாம் என்ற துணிவில் நிற்கிறோம்.

குளிருக்குப் புதியவர்களாக வந்து குடியேறுவது தலைநகரத் தமிழருக்குப் புதிய அனுபவம் அன்று. 1911-ஆம் ஆண்டில் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். 1931-இல் புதுதில்லி திறக்கப்பட்டது. அக்காலத்தில் தெற்கேயிருந்து எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் இங்கு வந்த நம் முன்னோர், மேல்துண்டுக்கு மேல் ஓர் உடை வேண்டும் என்பதையே அறியாதவர்கள். கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்கு ஏறியபோது அவர்களிற் பலர் கோப்புகளோடு தாமும் ஏறினார்கள். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை அவர்கள் இங்கேதான் கண்டார்கள். நம் பாட்டிமார் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் குச்சி பிடிக்கக் கற்று, மார்கழி வெயிலில் புல்தரையில் அமர்ந்து கம்பளிச் சட்டை பின்னினார்கள். அடுத்த வீட்டாரைப் பார்த்தே யாவற்றையும் பழகினார்கள். அவர்கள் கற்றதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இன்று கனடா செல்லும் பேரன், பாட்டனார் கடந்த அதே வழியை மீண்டும் முதலிலிருந்து நடக்கிறான்.

நம் மொழிக்கும் குளிர் அயலானது அன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்தவர்கள் நாம். அவற்றுள் நான்கு மழையும் குளிரும் பனியுமே. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஆயர்கள் தீயில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகிறார்கள். எனினும் நம் முன்னோர் கண்ட பனி பனித்துளியே. வானத்திலிருந்து வெள்ளைப் பஞ்சாக இறங்கி, முழங்காலளவு குவிந்து, பங்குனி வரை கரையாமல் கிடக்கும் பொருளுக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. வெண்பனி என்கிறோம், உறைபனி என்கிறோம். அங்குள்ள தமிழர் வீட்டில், ‘ஸ்னோ கொட்டுது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

குளிரின் அளவு

தில்லியில் தை மாதத்து விடியற்காலையில் வெப்பம் 3 அல்லது 4 டிகிரிக்கு இறங்கினால் நாம் நடுங்குகிறோம். நண்பகலில் வெயில் வந்துவிடுகிறது. டொராண்டோவில் ஜனவரி மாதத்துச் சராசரியே உறைநிலைக்கு நான்கைந்து டிகிரி கீழே. வின்னிபெக்கிலோ அது உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 16 டிகிரி. இரவில் 30 டிகிரிக்குக் கீழே போகும் நாள்களும் உண்டு. செல்சியஸ் அளவும் பாரன்ஹீட் அளவும் ஒன்றாகும் இடம் சுழியத்துக்குக் கீழ் 40. பள்ளிக்கூடத்தில் கணக்காகப் படித்த அந்த எண்ணை வானொலியில் வானிலைச் செய்தியாகக் கேட்டபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்பது எங்களுக்கு விளங்கிற்று.

அங்கே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் புறப்படுதல் ஆகாது. காற்று நம் உடலைச் சுற்றியுள்ள இளஞ்சூட்டை அடித்துச் செல்வதால், அதே வெப்பநிலை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணைத் தனியே அறிவிக்கிறார்கள். இப்போதுள்ள கணக்குமுறை 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த எண் உறைநிலைக்குக் கீழ் 28-ஐ எட்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகக்கூடும். 40-ஐ எட்டினால் 5 முதல் 10 நிமிடங்களே போதும். காது மடலும் மூக்கு நுனியும் விரல் நுனிகளும் முதலில் கெடும். முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றது நலம் என்று நினைப்பவர் ஏமாறுவர். உணர்வு இழந்து தோல் வெளுத்த இடத்தைத் தேய்த்தல் கூடாது. வீட்டினுள் வந்து, பொறுக்கும் சூடுள்ள நீரில் மெல்ல வெதுவெதுப்பாக்கி, மருத்துவரை நாடவேண்டும்.

உடையும் நடையும்

ஒரு தடித்த கம்பளிச் சட்டையைவிட மூன்று மெல்லிய உடைகள் நன்கு காக்கும். உடலை ஒட்டிய உள்ளுடை வியர்வையை வெளியே கடத்தவேண்டும். நடுவுடை சூட்டைத் தேக்கவேண்டும். மேலங்கி காற்றையும் ஈரத்தையும் தடுக்கவேண்டும். நாம் பெரிதும் நம்பும் பருத்தி இங்கே கைவிட்டுவிடும். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடலைக் குளிர்வித்துவிடும் அது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் பையுறை சூடு தரும். ஏனெனில் விரல்கள் ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்கின்றன. காலணி இறுக்கமாக இருத்தல் கூடாது. விரல் அசைய இடமிருந்தால்தான் இரத்தம் ஓடும்.

தில்லியில் திபெத்தியர் சந்தையில் வாங்கிய கம்பளிச் சட்டை அங்கே நடுவுடையாக உதவும், மேலங்கியாகாது. மேலங்கியையும் காலணியையும் அங்கு சென்று வாங்குவதே முறை. கைப்பணம் குறைவாயின், ஒருவர் உடுத்திக் கொடுத்த துணிகளை விற்கும் கடைகள் எல்லா நகரங்களிலும் உள்ளன. அங்கே வாங்குவதை இழிவாக யாரும் கருதுவதில்லை. முதல் வாரத்தில், ஸ்கார்பரோவில் அடுக்குமாடி மின்தூக்கியில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, ‘பிள்ளை, இந்தக் கோட் உனக்குக் காணாது’ என்றார். மறுநாள் தம் மருமகளோடு வந்து கடைக்கும் அழைத்துச் சென்றார். போதாது என்பதைக் ‘காணாது’ என்று சொல்லும் அந்தத் தமிழே எங்களுக்கு அரைப்பங்கு குளிரை நீக்கிற்று.

புடவை உடுத்தும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. உள்ளே கம்பளிக் காலுடை அணிந்தால் புடவையை விடவேண்டியதில்லை. ஆனால் பாதையில் பனி கரைவதற்காக உப்பைத் தூவுவார்கள்; கரையில் ஈரமும் உப்பும் ஏறி வெண்கறை படியும். எனவே கணுக்காலுக்கு மேல் கட்டவேண்டும். அல்லது விழாவுக்குப் புடவையைப் பையில் எடுத்துச் சென்று அங்கே உடுத்தவேண்டும். அங்குள்ள தமிழ்ப் பெண்களிற் பலர் இரண்டாவது வழியையே பின்பற்றுகிறார்கள். அவர்கள் விழா மண்டபத்தின் வாயிலில் பனிக் காலணிகள் வரிசையாக நிற்பதைக் கண்டால் நம் கோயில் வாயில் நினைவுக்கு வரும். வீட்டினுள் காலணியோடு நுழையாமை அந்நாட்டாரிடையேயும் பெருவழக்காக இருப்பது கண்டு மகிழ்ந்தோம்.

நடையையும் புதிதாகக் கற்கவேண்டும். கரைந்த பனி இரவில் மறுபடி உறைந்து, தரையின் நிறமே தெரியும்படி கண்ணாடிபோல் படிந்துவிடும். ஈரத் தரை என்று கால் வைத்தால் வழுக்கும். அடிகளைக் குறுக்கி, பாதம் முழுவதும் பதிய, உடலைச் சற்று முன்னே சாய்த்து, கைகளைப் பையில் வையாமல் நடக்கவேண்டும். உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. உறைநிலைக்குக் கீழ் பத்து டிகிரியைத் தாண்டினால் அதன் ஆற்றல் குன்றும். அப்போது மணலைத் தூவுவார்கள். வீட்டு முன்புறத்து நடைபாதையில் குவிந்த பனியை அள்ளுவது பல நகரங்களில் வீட்டுக்காரரின் கடமை. ஈரப்பனி கல்லைப்போல் கனக்கும். நெஞ்சுநோய் உள்ளோரும் முதியோரும் அதை அள்ள முனைதல் கூடாது. அண்டை வீட்டு முதியவரின் வாயிலையும் சேர்த்து அள்ளிவிட்டுப் போகும் இளைஞர்களை அங்கே நாங்கள் பலமுறை கண்டோம். வின்னிபெக்கில் மோட்டார் வண்டிகளையே இரவில் மின்கம்பியால் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். இல்லையேல் காலையில் அவை உயிர் பெறா.

வீடும் அடுக்களையும்

வெளியே இவ்வளவு குளிர் இருக்க, வீட்டினுள் மெல்லிய சட்டையோடு உலாவலாம். வீடு முழுவதையும் ஓர் உலை சூடாக்குகிறது. ஆனால் குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அக்காற்றைச் சூடாக்கியபோது வறட்சி மிகுகிறது. உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும், கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று மின்பொறி தெறிக்கும். காற்றுக்கு ஈரமூட்டும் கருவியும், நம் ஊர்த் தேங்காயெண்ணெயும் பெருந்துணை. ஊருக்குப் போகும்போது சிக்கனம் கருதி உலையை அறவே அணைத்துச் செல்லலாகாது. குழாயில் நீர் உறைந்து விரிந்து குழாய் வெடித்துவிடும்.

தில்லியில் நாம் அறிந்த பழக்கம் ஒன்றை அங்கே கட்டாயம் விட்டொழிக்கவேண்டும். இங்கே குளிர்காலந்தோறும், மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாத செய்தியைப் படிக்கிறோம். 2013 டிசம்பரில் டொராண்டோ வட்டாரத்தில் உறைமழை பெய்து, இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. சில இடங்களில் பல நாள் திரும்பவில்லை. அப்போது வீட்டினுள் கரியடுப்பு மூட்டியும், மின்னாக்கிப் பொறியை வண்டிக்கொட்டிலில் இயக்கியும் நச்சுக்காற்றால் நோயுற்றோரும் மாண்டோரும் உண்டு. அந்தக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனை அறிவிக்கும் கருவியை அங்கே சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கடுகு தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் புகையறிவிப்பான் அலறுகிறதே என்று அதன் மின்கலத்தைக் கழற்றி வைப்போர் நம்மவரில் உளர். அலறல் பொறுக்கலாம்; கழற்றுதல் பெருந்தவறு. அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியை முதலில் இயக்கிவிட்டுத் தாளித்தால் அலறல் பெரும்பாலும் இராது.

அடுக்களையில் நம் தாய்மார்களின் முதற் கவலை இட்லி மாவு. அறையின் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் அது பொங்காது. ரொட்டி சுடும் மின்னடுப்பைச் சூடாக்காமல், அதனுள் உள்ள விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை இரவு முழுதும் உள்ளே வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இந்த உபாயத்தை யார் முதலில் கண்டாரோ அறியோம். அந்நாட்டுத் தமிழ் வீடெல்லாம் அதை அறியும். இன்னொன்று: வெளியுடைகளை அடுக்களைக்கு அருகில் மாட்டினால் கம்பளி தாளிப்பு மணத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அலுவலகத்தில் பிறர் முகம் சுளிக்க இடம் தராமல், அவற்றை மூடிய அலமாரியில் வைத்தல் நன்று.

உணவில் ஒரு குறையையும் கவனிக்கவேண்டும். டொராண்டோ இருக்கும் அகலாங்கில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தாழ்ந்து செல்வதால், தோலில் வைட்டமின் டி சத்து உண்டாவது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோலினர்க்கு ஏனைய காலத்திலும் கூடுதல் வெயில் தேவை. அங்கே பாலில் அச்சத்தைச் சேர்த்தே விற்கவேண்டும் என்பது விதி. பால் குடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக உட்கொள்ளவேண்டும்.

இருளும் மனமும்

உடலைக் காக்கும் வழிகளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். மனத்தைக் காப்பதே கடினம். டிசம்பர்க் கடைசியில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரமே. மாலை நான்கே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. காலையில் இருட்டில் வேலைக்குப் புறப்படுபவர் இருட்டிலேயே திரும்புகிறார். தெருவில் மனித ஒலி இல்லை. காய்கறிக்காரர் குரல் இல்லை. சன்னலைத் திறக்க வழியில்லை. காரணம் தெரியாமலே சோர்வு படர்கிறது, தூக்கம் மிகுகிறது, யாரிடமும் பேச மனம் வருவதில்லை. இது சோம்பலன்று, பகல் குறைந்த காலத்தில் வரும் மனச்சோர்வு என்று மருத்துவ நூலார் பெயரிட்டு அறிந்ததே. நண்பகலில் அரைமணி நேரமேனும் வெளிச்சத்தில் நடப்பது இதற்கு முதல் மருந்து. அங்குள்ள பள்ளிகளில், கடுங்குளிர் நாள் நீங்கலாக, பிள்ளைகளை இடைவேளையில் வெளியே பனியில் ஆடவே அனுப்புகிறார்கள். பேரப்பிள்ளைகள் சிவந்த கன்னத்தோடு சிரித்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்துத்தான், இந்நாட்டில் குளிருக்கு அஞ்சி உள்ளே கிடப்பவரையே குளிர் வெல்கிறது என்பதை உணர்ந்தோம்.

தொழில் என்னும் பெருங்குளிர்

இனி, குளிரினும் கொடியது ஒன்றைச் சொல்லவேண்டும். 1967-இல் கனடா, கல்வி, மொழியறிவு, தொழில் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2015 முதல் விரைவு நுழைவு முறை நடைபெறுகிறது. நம் பிள்ளைகள் தம் பட்டங்களைக் காட்டி மதிப்பெண் பெற்றே செல்கிறார்கள். ஆனால் சென்று இறங்கியபின் அதே பட்டத்தைக் கொண்டு வேலை கேட்டால், ‘கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?’ என்று கேட்கிறார்கள். நேற்று வந்தவனுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? மருத்துவர், செவிலியர், பொறியியலார், ஆசிரியர் ஆகியோர் அந்தந்த மாகாணத்தின் உரிமம் பெற்றாலன்றித் தொழில் செய்ய இயலாது. அதற்குத் தேர்வும் செலவும் ஆண்டுகளும் தேவை. கனடிய அனுபவம் கேட்பது பாகுபாடாகும் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கை வகுத்தது. 2021-இல் அம்மாகாணம் சட்டம் இயற்றி, பொறியியல் முதலிய பல தொழில்களில் உரிமத்துக்கு அவ்வனுபவம் கேட்பதைத் தடுத்தது. சட்டம் வந்துவிட்டது, மனம் மாறச் சற்றுக் காலம் செல்லும்.

எங்களுக்குத் தெரிந்த பொறியியலார் ஒருவர், இங்கே தம்மின்கீழ் பலரை வேலை வாங்கியவர், முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே ஒரு பண்டகசாலையில் இரவு வேலையில் பெட்டி அடுக்கினார். பின்னர் தேர்வெழுதி உரிமம் பெற்று இன்று நல்ல நிலையில் இருக்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளிலும் தம் பெற்றோரிடம் அவர் அதனைச் சொல்லவேயில்லை. குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து மணி ஆகும்போது இங்கே மறுநாள் காலை எட்டரை. பண்டகசாலையின் வாயிலில் வண்டிக்குள் அமர்ந்து, வேலைக்கு நுழையுமுன் தாயாரோடு பேசுவார். தாயார், ‘அலுவலகம் எப்படி இருக்கிறது?’ என்பார். இவர், ‘நன்றாக இருக்கிறது அம்மா’ என்பார். பெட்டி அடுக்கியதில் தமக்கு வருத்தம் இல்லை, அந்த ஒரு சொல்லைச் சொல்வதுதான் நாள்தோறும் கனத்தது என்று அவர் எங்களிடம் கூறினார்.

அன்பர்களே, அந்தப் பொய்யை அவர் ஏன் சொன்னார்? நாம் கேட்கும் கேள்விகளால் சொன்னார். சம்பளம் எத்தனை டாலர், வீடு வாங்கிவிட்டானா, வண்டி என்ன வண்டி என்றே சங்கத்திலும் கோயிலிலும் திருமணப் பந்தலிலும் கேட்கிறோம். உடம்பு எப்படி, இரவில் தூங்குகிறானா, பேச ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நேர்மையான எந்த வேலையையும் யாரும் இழிவாக நோக்குவதில்லை. இழிவு என்னும் எண்ணம் இங்கிருந்து அவர்களோடு மூட்டையில் போகிறது.

மாணவர்களாகச் செல்வோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வாழ்க்கைச் செலவுக்கு அவர்கள் காட்டவேண்டிய தொகையை 2024 ஜனவரி முதல் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக அந்நாட்டு அரசு உயர்த்தியது. அதன் பின்பும் அது உயர்ந்திருக்கிறது. அவ்வாண்டிலேயே மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புமுன், தரகர் சொல்வதை நம்பாமல், கல்லூரி எது, படிப்புக்குப்பின் வேலை அனுமதி உண்டா என்பதை அரசின் அறிவிப்பிலேயே நேராகப் பார்த்தல் வேண்டும். 2022 ஜனவரி 19-ஆம் நாள் மனிடோபாவில் எமர்சன் என்ற ஊருக்கருகே, அமெரிக்க எல்லைக்குச் சில மீட்டர் தொலைவில், குஜராத்தைச் சேர்ந்த கணவன், மனைவி, அவர்தம் இரு குழந்தைகள் பனியில் உறைந்து கிடந்தனர். கள்ள வழியில் எல்லை கடத்துவோரை நம்பி இரவில் வெட்டவெளியில் நடந்தவர்கள் அவர்கள். கடத்தியோரில் இருவரை 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அக்குழந்தைகளை எழுப்பாது. அந்த வட்டாரத்துக் குளிரை ஒரு பருவம் கண்டவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த வெளியில் அந்த இரவில் நடக்கலாம் என்று சொன்னவன் எவனாயினும் கொலைஞனே.

தமிழர் தந்த வெதுவெதுப்பு

நம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் ஆறுதலிற் பெரும்பகுதி ஈழத்தமிழர் உழைப்பால் வந்தது. 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் மீட்டனர். 1983-க்குப் பின் போரினால் வீடிழந்து வந்தவர்கள் மேன்மேலும் சேர்ந்து, டொராண்டோவைத் தமிழர் மிகுந்த பெருநகரங்களில் ஒன்றாக ஆக்கினார்கள். நாம் விரும்பிச் சென்றோம். அவர்கள் துரத்தப்பட்டுச் சென்றார்கள். ஆயினும் கடை, கோயில், இதழ், வானொலி, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என அனைத்தையும் அவர்களே கட்டினார்கள். 2016 அக்டோபரில் கனடிய நாடாளுமன்றம், தைப்பொங்கல் வரும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தில், சூரியனை வணங்கும் திருநாளை நூற்றுக்கணக்கானோர் கூடிக் கொண்டாடுவதைக் கண்டு கண் கலங்கினோம்.

முதியோர்க்கு ஒரு சொல்

பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சிறப்பு விசாவை 2011 டிசம்பரில் தொடங்கினார்கள். 2022 ஜூலை முதல் ஒருமுறை சென்றால் ஐந்தாண்டு வரை தங்கலாம் என விரிவாக்கினார்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பலர் செல்கிறோம். மாகாணத்தின் இலவச மருத்துவம் நம்மைப் போன்ற விருந்தினர்க்கு இல்லை. குறைந்தது 1,00,000 டாலருக்குக் காப்புறுதி எடுத்தே செல்லவேண்டும். முன்பே இருக்கும் நோய்க்கு அது செல்லுமா என்பதைக் கையெழுத்திடுமுன் படித்துப் பார்த்தல் வேண்டும். முதன்முறை செல்வோர் தை மாதத்தில் போய் இறங்காமல், வைகாசியில் செல்லுங்கள். கோடையையும் இலையுதிர்காலத்தையும் கண்டு உடம்பு படிப்படியாகப் பழகும். போனவுடன் பேருந்து வழியையும், பொது நூலகத்தின் வழியையும் கற்றுக்கொள்ளுங்கள். டொராண்டோவில் வாழ்வோர்க்கு நூலக அட்டை இலவசம். தமிழ் நூல்களும் அங்கே உண்டு. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் நான்கு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தால், அன்புக்காகச் சென்ற இடமே சிறையாகிவிடும்.

சங்கத்தின் கடமை

முடிவாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், வெளிநாடு செல்ல இருக்கும் இளைஞர்க்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு வழியனுப்பு வகுப்பு நடத்தவேண்டும். சென்று திரும்பியவர்கள் பாடம் சொல்லட்டும். உடை, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் மதிப்பு, உரிமத் தேர்வு, ஆபத்துக்கு அழைக்கவேண்டிய 911 என்னும் எண், மனச்சோர்வு வந்தால் யாரை நாடுவது ஆகிய யாவும் அதில் அடங்கட்டும். ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்த ஒரு செய்தி தெரியாமல், புதிதாய் வந்த ஓர் இளந்தம்பதி ஆறு மாத வாடகையை முன்னதாகக் கொடுத்துக் கையில் காசின்றி நின்றதை நாங்கள் கண்டோம்.

இரண்டாவது, பிள்ளைகளை அனுப்பிவிட்டு இந்நகரில் தனியே வாழும் முதியோரின் பட்டியலைச் சங்கம் வைத்துக்கொள்ளவேண்டும். தில்லியின் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக் கதவை வாரம் ஒருமுறை யாரேனும் தட்டவேண்டும். அங்கே இருக்கும் மகன் இரவில் உறங்குவதற்கு இதைவிடச் சிறந்த உதவியை நாம் செய்ய இயலாது.

மூன்றாவது வேண்டுகோள் நம் ஒவ்வொருவருக்கும். இன்று இரவு வீடு சென்று பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, வேலையையும் சம்பளத்தையும் பற்றிக் கேட்காதீர்கள். ‘இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? யாரோடு பேசினாய்?’ என்று கேளுங்கள். விடை வரச் சற்று நேரமானால் காத்திருங்கள். வரும் விடை மகிழ்ச்சியானதாக இல்லையென்றாலும், அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று அவர்கள் அறியட்டும்.